கிணற்றடியில் ஒரு பிரெஞ்சுத் திராட்சை

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. என் கணவர் மராமத்து ஆபீஸில் படம் வரைபவராக இருந்தார். அவருக்கு மேலே ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர். அந்தத் துரை வேலை முடிந்து சீமைக்குத் திரும்பியபோது, அவர் மனைவி பங்களாவில் இருந்த சாமான்களை ஆபீஸ்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். ஹெட்கிளார்க்குக்கு ஒரு சாய்வு நாற்காலி கிடைத்தது. இன்னொருவருக்குத் தொங்குவிளக்கு. வாசலில் நிற்கும் டபேதாருக்குக்கூட ஒரு நல்ல குடை. என் கணவர் ஒரு மண்தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தொட்டியில் ஒரு குச்சி. குச்சியில் மூன்று இலை.

அதையும் அவர் குறுக்கு வழியில் கொண்டுவரவில்லை. சாலை பஜார் நெடுக, கடைக்காரர்கள் எல்லோரும் பார்க்கும்படி சுமந்துகொண்டு ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு நடந்திருக்கிறார். சட்டை முழுக்க ஈரமண். என்ன இது என்று கேட்டேன். முந்திரிக்கொடி என்றார்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். முந்திரி என்றால் எனக்குப் பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போடுவது. அது மரத்தில் காய்ப்பது என்றுதான் அதுவரை கேள்வி. சீமையில் கொடியிலேயே காய்க்க வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு நாள் அந்தத் தொட்டிக்கு மிகுந்த மரியாதையோடு தண்ணீர் விட்டேன். மூன்றாம் நாள், இது காய்த்ததும் பருப்பை உடைப்பதற்கு நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று மாமியாரிடம் கேட்டேன். அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. இந்த மலையாள ஊரில் முந்திரிங்கா என்றால் திராட்சை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிணற்றடிக்கு வந்த பெண்டுகளிடமெல்லாம் அவர் அதைச் சொன்னார். ஒரு வாரத்துக்கு என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் கையில் பாக்குவெட்டியோடு வருவதுபோல் ஒரு சாடை காட்டினார்கள்.

துரைசானி இதை ஏன் இவருக்குக் கொடுத்தாள் என்பதற்கும் ஒரு கதை உண்டு. அவள் பிரெஞ்சுக்காரி. அவள் தகப்பனாருக்கு அங்கே கிராமத்தில் திராட்சைத் தோட்டம். கல்யாணமாகிக் கப்பல் ஏறும்போது ஊர் நினைவுக்காக இரண்டு குச்சி கொண்டுவந்து பங்களா வராந்தாவில் வளர்த்திருக்கிறாள். இவர் ஒருமுறை கையெழுத்துக்குப் படம் கொண்டுபோனபோது அதைக் காட்டினாள். இவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி மரியாதை வார்த்தைகள். மிக அழகு, அம்மணி, மிக மிக அழகு என்று மூன்று தரம் சொல்லிவிட்டார். அதை அவள் மறக்கவில்லை.

கொடுக்கும்போது அதன் பெருமையையும் சொல்லி அனுப்பினாள். பச்சையும் வெள்ளையுமாக இருக்கும் பழமாம். இதைப்போல் எதற்கும் வளைந்துகொடுக்கும் திராட்சை வேறு இல்லையாம். சுண்ணாம்பு மண்ணில் நட்டால் எலுமிச்சைபோல் புளிக்கும், வெயில் ஊரில் நட்டால் மாம்பழம்போல் இனிக்கும், மரப்பீப்பாயில் ஊற வைத்தால் வெண்ணெய் மணக்கும், இன்னொரு விதமாகச் செய்தால் சோடாபோல் நுரைத்துக்கொண்டு வரும், அது கல்யாணத்துக்கு. தனக்கென்று பிடிவாதம் கிடையாது, போன இடத்துக்குத் தகுந்தபடி மாறிக்கொள்ளும் என்று அவள் சொன்னதை, என் கணவர் ஒரு மாதத்துக்குச் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மோர்க்கூட்டான் என்கிற இந்த ஊர் மோர்க்குழம்பில் தேங்காயெண்ணெய் விடுவதற்கு நான் இன்னும் பழகவில்லை என்பது அப்போது வீட்டில் பெரிய விஷயம். எனக்கு அந்தக் கொடியைப் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

அதன் பெயரைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. ஷார்டொனே என்று அவர் நாக்கை மடக்கிச் சொல்லிக் காட்டினார். மாமியார் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சாறுதானே? அதுக்கு ஏன் இத்தனை கஷ்டப்படறாய்?" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் சாறுதானே. சாறுதானேக்குத் தண்ணி விட்டாச்சா, சாறுதானேல பூச்சி இருக்கு பார் என்றுதான் பேச்சு.

கிணற்றடியில் நட்டோம். பாத்திரம் கழுவிய தண்ணீரும் சாணமும் சாம்பலும் கிடைத்ததில் அது காட்டுத்தனமாக வளர்ந்தது. இரண்டு மழைக்காலம் போவதற்குள் மூங்கில் பந்தல் போடவேண்டியிருந்தது. இலைக்குக் குறைவில்லை. பூ என்று ஒன்று பூக்கவே இல்லை. துணி உலர்த்த நிழல், பல் தேய்க்க நிழல், பூனை குட்டி போட நிழல். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என் கணவர் தினமும் காலையில் போய்ப் பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆபீஸுக்குப் போவார்.

மூன்றாம் வருஷம் எதிராத்து மாமாவால் வம்பு வந்தது. அவர் சர்க்கார் கச்சேரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காலையில் கோயில், பிறகு பப்ளிக் லைப்ரரி. லைப்ரரியில் ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதி போன்ற புஸ்தகத்தை முதல் எழுத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது எழுத்தின் நடுவில் எங்கள் கொடி அவர் கண்ணில் பட்டுவிட்டது. குடையைக்கூட மடக்காமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மன்னி, இது சும்மா முந்திரிங்கா இல்லையாக்கும். கள்ளுக்குன்னே வளர்க்கற ஜாதி. சீமையில இதை யாரும் திங்கறதே கிடையாது, குடிக்கறதுதான். புஸ்தகத்தில அச்சடிச்சுப் போட்டிருக்கான்" என்றார்.

தென்னை மரத்திலும்தான் கள் இறக்குகிறார்கள், அதற்காக யார் தேங்காய் உடைக்காமல் இருக்கிறார்கள் என்று மாமியார் கேட்டார். மாமா அதற்குத் தயாராக வந்திருந்தார். தேங்காய்க்கு வேறு உபயோகம் உண்டு, இதற்கு இல்லை என்றார். பிறகு இலை கிணற்றில் விழுவதைக் காட்டினார். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாலு வீடு மடியாக எடுத்துக்கொண்டு போகிறது என்பதையும் சொன்னார்.

மறுநாள் காலை எங்கள் கிணற்றுக்கு ஒருத்தியும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தெருக்கோடிக்குப் போய்த் தண்ணீர் இழுத்துக்கொண்டு வந்தாள். போகும்போதும் வரும்போதும் எங்கள் வாசலைப் பார்க்காமல் போனாள். பாக்குவெட்டி சாடை காட்டியபோது எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. இது வலித்தது.

இந்த ஊரில் மாதங்களுக்கு ராசிப் பெயர், கார்த்திகைதான் விருச்சிகம். அந்த மாதத்தில் மாமனாரின் சிராத்தம் வந்தது. சாஸ்திரிகள் வந்து கொடியைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று மாமியாருக்கு நாலு நாளாகக் கவலை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "வெட்டிக் களஞ்சுடு" என்றார். என் கணவர் குறுக்கே விழுந்தார். வேரை மட்டும் விட்டுவிடலாம், கட்டை வெளியே தெரியாமல் இருந்தால் போதும் என்று கெஞ்சினார். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே அரை நாள் பேச்சு நடந்து, இலையையும் கொடியையும் முழுக்கக் கழிப்பது, கட்டையை நிறுத்துவது என்று முடிவாயிற்று. அவர் ஆபீஸுக்குப் போய்விட்டார். அரிவாள் என் கைக்கு வந்தது.

எனக்குப் பிடிக்காத கொடிதான். ஆனாலும் முதல் வெட்டு வெட்டியதும் தண்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. துடைத்தால் மறுபடி வந்தது. நான் துடைத்துக்கொண்டே இருப்பதைக் கண்டு மாமியாரும் வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். "அழறது பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எல்லாவற்றையும் வெட்டி, பசுமாட்டுக்குப் போட்டேன். மாடு ருசித்துத் தின்றது. கிணற்றடி மொட்டையாகி வெயில் கண்ணைக் குத்தியது. சிராத்தத்துக்கு வந்த சாஸ்திரிகள் கிணற்றடியில் கால் அலம்பிக்கொண்டே, இங்கே ஒரு நல்ல நிழல் இருந்ததே, எங்கே போச்சு என்று கேட்டார்.

அதற்கு அப்புறம் நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. பத்து நாளில் கட்டையிலிருந்து கணுவுக்குக் கணு துளிர் வந்தது. தனு மாதத் திருவாதிரைக் களிக்கு நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, என் கணவர் கிணற்றடியிலிருந்து கூப்பிட்ட கூப்பாட்டில் யாரோ உள்ளே விழுந்துவிட்டார்கள் என்று ஓடினேன். துளிரில் பச்சைக் கடுகுபோல் கொத்துக் கொத்தாக மொட்டு. வருஷக்கணக்காகக் கொண்டாடி வளர்த்தபோது பூக்காதது, மொட்டையடித்த பிறகு பூத்திருக்கிறது. இந்த ஊர் மழையில் அதற்கு ஓய்வே கிடையாது, வெட்டினால்தான் ஒரு மூச்சு நின்று மறுபடி பிறக்கும் என்று பின்னால் தோட்டவேலை தெரிந்த ஒருவர் விளக்கினார். அன்றைக்கு மாமியார் சொன்ன காரணம் வேறு. சிராத்தம் நன்றாக நடந்ததில் மாமனாருக்குத் திருப்தி என்றார். அதனால் கொடிக்கு இனி ஆபத்து இல்லை.

மகர மாதத்தில் இருபது இருபத்தைந்து குலை தொங்கியது. காய் பட்டாணி அளவு. ஒன்றை வாயில் போட்டேன். புளிப்பு தலை உச்சிவரை போயிற்று. மாம்பழம்போல் இனிக்கும் என்று கேட்டிருந்த என் கணவர் இரண்டைக் கடித்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நமது மண்ணில் சுண்ணாம்பு அதிகமோ என்றார்.

எனக்கு அந்தப் புளிப்பைப் பார்த்ததும் முதல்தடவையாக அந்தக் கொடியின் மேல் ஒரு பிரியம் வந்தது. இது நமக்குத் தெரிந்த விஷயம் அல்லவா. அன்றே ஒரு குலையை வேகவைத்து மசித்து, புளிக்குப் பதிலாக விட்டு ரசம் வைத்தேன். மறுநாள் வெல்லமும் கடுகும் அரைத்துவிட்டுப் பச்சடி. அதற்கடுத்த நாள் உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுத் தொக்கு. மாமியார் ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் அந்த வீட்டில் என் கை ரசத்தை இரண்டாம் தரம் கேட்டது அன்றைக்குத்தான். என்ன புளி என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை அலம்பும்போது, பந்தலில் ஒரு குலை குறைவதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் எதிராத்து மாமாவின் பெண் ஆலப்புழையிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். தலைச்சன் பிள்ளை, மூன்றாம் மாசம். மசக்கை அவளைப் படுத்திய பாடு தெரு முழுக்கத் தெரியும். தண்ணீர் குடித்தால்கூட நிற்கவில்லை. நாரத்தங்காய், மாவடு, புளியிஞ்சி எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. கஷாயத்தின் வாசனைக்கே அவளுக்குக் குமட்டியது. பத்து நாளில் கன்னம் ஒட்டி, நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஒருநாள் மத்தியானம் மாமா கோயிலுக்கோ லைப்ரரிக்கோ போயிருந்த நேரம், நான் ஒரு சின்னக் கிண்ணத்தில் அந்த ரசத்தைத் தெளிவாக இறுத்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த மாமி என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன். அவள் கிண்ணத்தை மூடியிருந்த தட்டைத் தூக்கி மோந்து பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் உள்ளே வழிவிட்டாள். பெண் இரண்டு கரண்டி குடித்தாள். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். நின்றது. இன்னும் இரண்டு கரண்டி குடித்தாள். அதுவும் நின்றது. இன்னும் இருக்கா அக்கா என்று அவள் கேட்டதும் மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அந்தப் பெண் ஒரு பிடி சாதமும் சாப்பிட்டாள்.

அப்புறம் தினமும் ஒரு கிண்ணம். மாமாவுக்குத் தெரியாமல் கிண்ணம் போய் வந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் நான் வயிற்றுவலியால் ரசம் வைக்கவில்லை. பத்தரை மணிக்கு மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் அதே கிண்ணம், கழுவித் துடைத்தது. என் முகத்தைப் பார்க்காமல் கொடிப் பந்தல் இருக்கும் திசையைப் பார்த்துப் பேசினார்.

"கொழந்தே, இன்னிக்கு அது கிடைக்காதோ?"

"எது மாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. இளவயதுக் குறும்பு.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதாக்கும்... சாறு" என்றார்.

உள்ளேயிருந்து மாமியார், "சாறுதானே! இதோ வைக்கச் சொல்றேன், உக்காருங்கோ" என்றார். அவர் உட்கார்ந்தார். நான் வயிற்றுவலியை மறந்து அடுப்பை மூட்டினேன். மறுநாள் காலை எங்கள் கிணற்றில் மறுபடி வாளிச் சத்தம் கேட்டது. முதலில் வந்தவள் எதிராத்து மாமிதான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தெருவின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வந்து வீட்டுக்குள் போனாள்.

கும்ப மாதக் கடைசியில் மிச்சமிருந்த குலைகள் பழுத்துப் பொன்னிறமாயின. இப்போது உண்மையிலேயே இனித்தது. அணிலும் காக்கையும் தின்றது போக மீதியைப் பறித்து, கோடைக்குச் சர்பத் ஆகட்டும் என்று பிழிந்து, வெல்லப்பாகு சேர்த்துப் பரணி என்கிற பீங்கான் ஜாடியில் விட்டு, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி சாமான் வைக்கும் உக்கிராணத்தில் வைத்தேன். ஆறாம் நாள் காலை, மாமாவும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, உக்கிராணத்துக்குள் வெடிச்சத்தம் கேட்டது. மூடி விட்டத்தில் மோதி அரிசிப் பானைமேல் விழுந்திருந்தது. பரணி வாய் நிறைய நுரை. வீடெல்லாம் வாசனை.

மாமா மூக்கை உறிஞ்சினார். நான் சொல்லலையா என்பதுபோல் மாமியாரைப் பார்த்தார். மாமியார் பரணியருகே குனிந்து நிதானமாக மோந்து பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, தான் இரண்டு வேளையும் சாப்பாட்டுக்குப்பின் குடிக்கும் அரிஷ்டப் புட்டியை எடுத்துத் தக்கையைத் திறந்து அதையும் மோந்தார். இரண்டையும் மாமாவிடம் நீட்டினார். மாமாவும் வாயுவுக்காக அதே அரிஷ்டத்தை எட்டு வருஷமாகக் குடித்துவருபவர். இரண்டுக்கும் ஒரே வாசனை.

கடைசியில் அந்த அரிஷ்டத்தைக் கொடுக்கும் வைத்தியரையே கூப்பிட்டனுப்பினார்கள். அவர் மலையாளத்துக்காரர், அவசரமே படாதவர். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். மறுபடி நாலு சொட்டு விட்டுக்கொண்டார். மூன்றாம் தரம் விட்டுக்கொண்டது பரிசோதனைக்கு அல்ல என்று எனக்குத் தோன்றியது.

"சாமீ, இதிலே தாதிரிப்பூ இட்டா மருந்து. இட்டில்லேன்னா மத்தது" என்றார் மாமாவிடம்.

மாமா எழுந்து, குடையை விரித்துக்கொண்டு, தாமே சாலை பஜாருக்குப் போய் மருந்துக்கடையில் தாதிரிப்பூவும் கிராம்பும் திப்பிலியும் வாங்கிவந்தார். வைத்தியர் சொன்ன அளவில் போட்டு மறுபடி மூடி ஒரு மாதம் வைத்தோம். அதில் பாதி எங்கள் வீட்டுக்கு, பாதி எதிர்வீட்டுக்கு. அந்த வருஷம் தெருவில் பலபேருக்கு வாயு வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னவர்களுக்கெல்லாம் மாமியார் ஒரு அவுன்ஸ் கொடுத்தார். கொடுக்கும்போது, இது என் மாட்டுப்பெண் பண்ணினது என்றும் சொன்னார்.

எதிராத்துப் பெண்ணுக்குச் சிங்க மாதத்தில் சுகப்பிரசவமாயிற்று. பெண் குழந்தை, நல்ல நிறை. மசக்கையில் குடித்த புளிப்புக்கு இந்தக் குழந்தை எப்படிக் கத்தப்போகிறதோ என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அது யாருக்கும் தொந்தரவில்லாமல் தூங்கியது.

அந்தத் துலா மாதத்தில் மாமா எங்கள் கொடியிலிருந்து நாலு குச்சி கேட்டு வாங்கிக்கொண்டுபோய்த் தம் கொல்லையில் நட்டார். மூன்று பட்டுப்போயிற்று. ஒன்று பிழைத்தது. புஸ்தகத்தில் என்னென்ன போட்டிருந்ததோ அத்தனையும் செய்தார். எலும்புரம் ஒன்றைத் தவிர. ஆனால் வெட்டுவதற்கு மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. நானும் என் கணவரும் எத்தனையோ சொன்னோம். மாமி அரிவாளை எடுத்தால் அவர் போய்க் கொடிக்கு முன்னால் நின்றுகொள்வார். அதனால் அது பந்தல் நிறைய இலையாகவே இருந்தது. எங்களுடையது மேலும் இரண்டு வருஷம் காய்த்துவிட்டு, வைகாசி நடுவில் பிடிக்கும் ஒரு பலத்த இடவப்பாதி மழையில் இலையெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து வேரோடு அழுகிப்போயிற்று. அந்தப் பந்தலில் புடலங்காய் போட்டோம்.

தம் கொடியின் இலையை என்ன செய்வது என்று மாமா யோசித்திருக்கிறார். ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். மாமி ஒரு தட்டில் ஆவி பறக்க ஏதோ கொண்டுவந்து வைத்தாள். அரிசிமாவுக்குள், பலாச்சுளையை வெல்லத்தோடு கிளறிய சக்கைவரட்டியும் தேங்காயும் வைத்து, வாழையிலைக்குப் பதிலாகத் திராட்சை இலையில் மடித்து வேகவைத்த அடை. வாழையிலையென்றால் உரித்துவிட்டுத் தின்னலாம். இதை இலையோடு தின்னவேண்டும், அதுதான் இதன் விசேஷம் என்று மாமா விளக்கினார். துருக்கியில் அப்படித்தான் என்று எந்த எழுத்திலோ படித்திருந்தார்.

உள்ளே இனிப்பு, வெளியே புளிப்பு, நடுவில் மாவு, மெல்ல மெல்ல நார். மாமி சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு நின்றாள். மாமா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?" என்று கேட்டார்.

நன்னாயிருக்கு மாமா என்றேன். உடனே அவர் இன்னொன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். அதையும் இலையோடு தின்றேன்.